வெள்ளிப் பேனாவும் ரெக்சின் வெப்சைட்டும்

என் லேப்டாப்பை ஒரு ஆள் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் பரவால்ல" என்று சொன்னார். ஆம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பாதி அவர்மேல், பாதி என்மேல்.

பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு வெப் டிசைன் ஆபீஸ் அது. ஓனர், நான், அவர். மூன்றே பேர். அவரை எல்லாரும் மாமு என்று கூப்பிட்டார்கள். ஓனர் மனைவியின் அண்ணன். ஓனரின் பிள்ளைகளுக்கு மாமு, அதனால் எங்களுக்கும் மாமு, கீழே பிரியாணி அண்டா கழுவுகிறவருக்கும் மாமு. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதிலும் ஒரு பழுது கண்டுபிடிப்பார்.

மாமு இருபது வருஷம் தோல் ஷாப்பில் செலக்சன் வேலை பார்த்தவர். பதனிட்ட தோலை ஜன்னலோரம் மேஜைமேல் விரித்துப் போடுவார்கள். வடக்கு ஜன்னல்தான் வேண்டும், நேர் வெயில் படக்கூடாது. அங்கே நின்று தோலில் இருக்கும் பழுதையெல்லாம் தேடவேண்டும். உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம். ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளிப் பேனாவால், அதாவது வெள்ளி நிற மைப் பேனாவால், வட்டம் போடவேண்டும். வட்டம் குறைவாக இருந்தால் ஏ செலக்சன். ஜாஸ்தியானால் பி, அப்புறம் சி. இதுதான் வேலை.

முதுகு போன பிறகு அவரால் மேஜைமுன் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. "எங்க அண்ணன் வீட்ல உக்காந்துகினு இன்னா பண்ணுவாரு?" என்று ஓனர் மனைவி ஒரு நாள் கேட்டிருக்கிறார். மறுநாள் எங்கள் ஆபீசில் வடக்கு ஜன்னலோரம் ஒரு மேஜை வந்துவிட்டது. வேலைக்குப் பெயர் செக்கிங். வெப்சைட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. மாமு பாஸ் பண்ணாமல் எந்த சைட்டும் பார்ட்டிக்குப் போகாது என்று ஓனர் சட்டம் போட்டார்.

"மாமுவுக்கு இதப்பத்தி இன்னா சார் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதும்மா. அத்த போய் என் வீட்ல நீயே சொல்லு பாக்கலாம்."

நான் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

மாமு டியூப்லைட்டை நம்பமாட்டார். "டியூப்லைட்டுல பாத்தா எல்லாமே ஏ செலக்சன்தான்" என்பார். மானிட்டரைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுப்பார். வானம் மூட்டமாக இருந்தால் என் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கே போய்விடுவார். நான் சார்ஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடவேண்டும். வெளியே போனால் திரை கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதையே ஐந்து நிமிஷம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

"இன்னா தெரியுது மாமு?"

"என் மூஞ்சி தெரியுது."

"வேற?"

"கறை. மூணு எடத்துல."

அந்த மூன்றும் நான் மத்தியானம் தின்ற சிக்கன் எண்ணெய். சொன்னேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "உன் எண்ணெயா இருந்தா இன்னா, மாட்டோட கொழுப்பா இருந்தா இன்னா, கறைன்னா கறைதான்."

அவர் மானிட்டரில் ஒரு புள்ளி செத்துப்போயிருந்தது. எந்தப் படம் வந்தாலும் அந்த ஒரு புள்ளி மட்டும் கறுப்பாகவே நிற்கும். மாமு அதை உண்ணிக் கடி என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் முழுக்க எங்கள் ஆபீசிலிருந்து போன எல்லா வெப்சைட்டிலும், பல் டாக்டர் சைட்டிலிருந்து கல்யாண மண்டப சைட் வரை, அதே மேல் வலது மூலையில் உண்ணி கடித்திருந்தது. "ஒரே உண்ணி எல்லாத்தையும் கடிச்சிருக்குது பாரு" என்று வியப்பார். கடைசியில் நான் பொறுக்கமுடியாமல் மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கி வேறு மானிட்டரை மாட்டிக் காட்டினேன். புள்ளி இல்லை. மாமு பழைய மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவினார். பிறகு அதையே திரும்ப மாட்டி, பையிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுத்து, அந்தப் புள்ளியைச் சுற்றித் திரைமேலேயே வட்டம் போட்டார்.

"அப்ப இதான் பி செலக்சன்" என்று சொல்லி அதையே வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் ஐந்து மாதம் பொறுத்துக்கொண்டேன். அதுவரை என் வேலை பெரும்பாலும் யாரோ செய்த சைட்டில் போன் நம்பரை மாற்றுவதுதான். அப்புறம்தான் எனக்கு ஒரு நல்ல வேலை வந்தது. ஒரு ஷூ கம்பெனிக்கு முதலிலிருந்து புது வெப்சைட். முழுக்க முழுக்க என் டிசைன். அதே வாரம் சென்னையில் நான் விண்ணப்பம் போட்டிருந்த ஒரு பெரிய டிசைன் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நீங்களே டிசைன் செய்த சைட் ஒன்று இணையத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் லிங்க் அனுப்புங்கள், பிடித்தால் கூப்பிடுகிறோம் என்று. படமாக அனுப்பினால் பார்க்கமாட்டார்களாம். திங்கட்கிழமை காலை இது வந்தது. எனக்கு ஐந்து நாள் இருந்தது. நடுவில் மாமு இருந்தார்.

என்னிடம் ஒரு ஃபோல்டர் இருந்தது. வெளிநாட்டில் பரிசு வாங்கிய சைட்களாகப் பார்த்துப் பார்த்துப் படம் பிடித்து நானூறு சேர்த்து வைத்திருந்தேன். தினமும் காலையில் டீயோடு அதைத்தான் புரட்டுவேன். திங்கட்கிழமை மாமு வந்து பின்னால் நின்றார்.

"இன்னாம்மா இது?"

"இன்ஸ்பிரேஷன் மாமு."

"அப்டின்னா?"

"இத்தப் பாத்து நம்மளும் புதுசா பண்றது."

"அடுத்தவன் தோலா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்போது எல்லா இடத்திலும் கறுப்புப் பின்னணிதான் போய்க்கொண்டிருந்தது. நானும் கறுப்பில் போட்டேன். நடுவில் ஒரு ஷூ, மேலே ஒளி, கீழே மெல்லிய எழுத்து. பார்க்கவே பணக்காரத்தனமாக இருந்தது. மாமு ஜன்னலோரம் இழுத்துப் பார்த்தார்.

"எதுக்குக் கறுப்பு?"

"அதான் மாமு டிரெண்டு."

"தோல் ஷாப்புல எப்ப கறுப்பு அடிப்பாங்க தெரியுமா? பழுது ஜாஸ்தியா இருக்கற தோலுக்குத்தான் அடிப்பாங்க. மறைக்கறதுக்கு. நீ இன்னாத்த மறைக்கற?"

கறுப்பை எடுத்தேன். ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு மெல்ல மாறுகிற பின்னணி வைத்தேன். அதுவும் டிரெண்டுதான். மாமு பார்த்த உடனே கையை எடுத்துவிட்டார், சுட்டதுபோல.

"சாயம் சரியா ஏறல. இங்க ஒரு ஷேடு, அங்க ஒரு ஷேடு. பார்ட்டி கன்டெய்னரோட திருப்பி அனுப்புவான்."

"அது வேணும்னே அப்டி பண்ணது மாமு."

"சாயம் போட்டவனும் அப்டித்தான் சொல்வான்."

செவ்வாய்க்கிழமை நான் ராப்பகலாக உட்கார்ந்து கற்ற ஒரு வித்தையைக் காட்டினேன். சைட்டை நகர்த்தும்போது முன்னால் இருக்கும் ஷூ ஒரு வேகத்திலும் பின்னால் இருக்கும் படம் வேறு வேகத்திலும் நகரும். ஆழம் இருப்பதுபோலத் தெரியும். மாமு மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். முகம் மாறியது. எனக்காக வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"மேல்தோல் தனியா ஓடுது, அடித்தோல் தனியா ஓடுது. ரெண்டும் ஒட்டல பாரு. மாடு சாவறதுக்கு முன்னாடியே சீக்கு போல."

ஓனரிடம் போய்க் கத்தினேன். ஓனர் கதவைச் சாத்திவிட்டு, "அவரு சொல்றத கொஞ்சம் கேட்டுக்கம்மா, வியாழன் வரைக்கும் டைம் இருக்குதே" என்றார். வீட்டில் அவருக்கு என்ன பேஜார் நடக்குமோ, பாவம். நான் அவரைத் திட்டவில்லை. திட்டினேன், ஆனால் மெதுவாக.

புதன்கிழமை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வெள்ளைப் பின்னணி. நிறைய காலி இடம். ஒரு ஷூ, ஒரு வரி, ஒரு பட்டன். காலி இடம்தான் டிசைனுக்கு மூச்சு என்று படித்திருந்தேன். மாமு தன் டிராயரிலிருந்து அட்டையில் வெட்டிய பேட்டர்ன்களை எடுத்துவந்தார். ஷூவின் மேல்பாகம், நாக்கு, குதிகால் பட்டை. ஒரு துண்டுகூட வீணாகாமல் தோலில் எப்படி நெருக்கிப்போட்டு வெட்டுவார்கள் என்று எனக்குக் காட்டுவதற்காம். அதையெல்லாம் என் மானிட்டர்மேல் வைத்துப் பிடித்தார்.

"இவ்ளோ எடம் வேஸ்டேஜா விட்டிருக்க. தோ, இந்த மெனுவ சாய்ச்சுப் போடு. அட்ரஸைத் தலைகீழா திருப்பு. கரெக்டா உக்காந்துக்கும். இன்னும் ஒரு ஜோடி ஷூவுக்கு எடம் கெடைக்கும்."

"அட்ரஸைத் தலைகீழா போட்டா எப்டி மாமு படிப்பாங்க?"

"வேணும்னா திரும்பிப் படிக்கட்டும். தோலு என்ன வெலைக்கு விக்குது இன்னிக்கு."

அன்று நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. அவரை அடிக்கமுடியாததால்.

வியாழக்கிழமை காலை நான் ஒரு முடிவோடு வந்தேன். பழுதே இல்லாத சைட் ஒன்று செய்து அவர் வாயை அடைப்பது. படங்கள் விற்கிற ஒரு வெளிநாட்டு வெப்சைட்டிலிருந்து ஒரு ஷூ படம் வாங்கினேன். இத்தாலியில் ஏதோ வெள்ளை மாளிகை வாசலில் எடுத்த படம். ஒரே நிறம், ஒரே எழுத்து, எல்லாக் கோடும் அளவெடுத்தது. காலி இடமும் இல்லை, நெரிசலும் இல்லை. மாமு முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பதினைந்து நிமிஷம் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வெள்ளிப் பேனாவின் மூடியைத் திறந்து கையிலேயே வைத்திருந்தார். வட்டம் போட ஒரு இடம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பேனாவை மூடினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"பாஸா மாமு?"

"இது ரெக்சின்மா."

"இன்னாது?"

"ரெக்சின். தோலே கெடையாது. ஒரு உண்ணிக் கடி இல்ல, ஒரு முள்ளு கீறல் இல்ல. அப்டி எந்த மாடும் பொழைச்சதில்ல. பிளாஸ்டிக்குலதான் இப்டி வரும்." குனிந்து லேப்டாப்பை மோந்துவேறு பார்த்தார். "ஒரு ஓரமா கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிடும். ஆனா இது உன் பொருளு."

பழுது இருந்தாலும் பாஸ் இல்லை. பழுது இல்லாவிட்டாலும் பாஸ் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

மாமு மேஜைமேல் ஒரு பழைய ஆட்டுத் தோலை விரித்து வைத்திருந்தார். தோல் ஷாப்பை விட்டு வரும்போது கொண்டுவந்தது. சி செலக்சனுக்கும் கீழே, தள்ளிவிட்ட தோல். அதன்மேல் முழுக்க அவர் போட்ட வெள்ளி வட்டங்கள். டீ கிளாஸை அதன்மேல்தான் வைப்பார். அவர் தொழுகைக்குப் போனதும் அந்த டீ கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு, என் போனில் அந்தத் தோலைப் படம் எடுத்தேன். இத்தாலி ஷூவைத் தூக்கியெறிந்தேன். மெனு, பட்டன், எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளினேன். முதல் பக்கம் முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம்வரை, அந்தக் கேவலமான தோலையும் அத்தனை வட்டங்களையும் போட்டேன். கீழே கம்பெனி பெயர். அவ்வளவுதான். அவரை அவமானப்படுத்தத்தான் செய்தேன். இந்தா, உன் பழுது, நீயே பார்த்துக்கொள் என்று.

மாமு வந்தார். உட்கார்ந்தார். மானிட்டரை ஜன்னல் பக்கம் இழுத்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

அவர் விரல் திரைமேல் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குப் போனது. "உண்ணி," என்றார். "முள்ளு. தோ, இது கொம்பு குத்தினது. பக்கத்து ஆட்டுக்கும் இதுக்கும் சண்டை." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார், கூட்டத்தில் தெரிந்தவர்களை எண்ணுகிற மாதிரி. எல்லாம் முடிந்தபிறகு என்னைப் பார்த்தார்.

"பாஸ்."

"மாமு, நான் இத்த கோவத்துல பண்ணேன்."

"அது எனக்கு எதுக்கு? தோலு ஒரிஜினல். பாஸ்."

ஓனர் படத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ஆனால் சட்டம் சட்டம்தான். பார்ட்டிக்கு அனுப்பினார். சாயந்திரம் ஷூ கம்பெனி முதலாளி போன் செய்தார். ஓனர் ஸ்பீக்கரில் போட்டார். சைட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த வட்டம் போட்டது யாரு? ஒண்ணுகூட விடாம புடிச்சிருக்கான். ஆளு காலியா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். மாமு தன் முதுகைத் தடவிக்கொண்டே, "காலி இல்லன்னு சொல்லு, இங்க செக்கிங் வேலை ஜாஸ்தி" என்றார். திட்டாததே சம்மதம் என்று ஓனர் எடுத்துக்கொள்ள, வெள்ளிக்கிழமை காலை சைட் இணையத்தில் ஓடியது. லிங்க்கை அனுப்பிவிட்டேன். அனுப்ப வேறு எதுவும் இல்லை.

சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, குளிர், எதிரே கத்தரித்த முடியோடு ஒரு மேடம். என் தோலைத் திரையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

"இந்தக் கைவரைவு வட்டங்கள் ரொம்பப் புதுசா இருக்கு. இன்ஸ்பிரேஷன் எங்கேருந்து?"

எனக்கு மாமுவின் டீ கிளாஸ்தான் ஞாபகம் வந்தது. "இத்தாலில ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்குங்க மேடம்" என்று சொன்னேன். அப்படி ஒரு ஸ்டுடியோ இல்லை. மேடம் தலையாட்டினார், கேள்விப்பட்டிருக்கிறேன் என்றுகூடச் சொன்னார். வேலை கிடைத்தது.

அப்புறம் வந்தது வினை. அந்த சைட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பார்ட்டியும் வட்டம் கேட்டான். நகைக்கடைக்கு வட்டம் போட்டேன். பில்டருக்கு, காலேஜுக்கு, நெய் கம்பெனிக்கு. வேறு கம்பெனிக்காரர்களும் போட ஆரம்பித்தார்கள். வெள்ளி வட்டம் டிரெண்டாகிவிட்டது. யாரோ நானூறு படம் சேர்க்கிற ஃபோல்டரில் இப்போது என் சைட்டும் இருக்கும்.

ஆறு மாதம் கழித்து ஆம்பூருக்குப் போனபோது பிரியாணி சாப்பிடத்தான் போனேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினால் பக்கத்திலேயே மாடிப்படி. ஏறினேன். மாமு அதே ஜன்னலில், அதே செத்த புள்ளி மானிட்டரோடு இருந்தார். அதன் திரைமேல் இன்னும் நாலைந்து வட்டம் கூடியிருந்தது.

"இளைச்சிட்டியே. அங்க பிரியாணி இல்லியா?"

"இருக்குது மாமு. நல்லா இல்ல."

அவரை வம்பிழுக்கலாம் என்று தோன்றியது. சென்னை ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து, புதிதாக ஒரு சோபா கம்பெனிக்குச் செய்த சைட்டைக் காட்டினேன். நான் செய்தது என்று சொல்லவில்லை. தோல் சோபா, அதன்மேல் அழகழகாய் ஒன்பது வெள்ளி வட்டம். ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வளைத்தது.

மாமு லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பினார். சாய்த்தார். விரல் முதல் வட்டத்தில் நின்றது. இரண்டாவதுக்குப் போனது. மூன்றாவதில் எடுத்துவிட்டார்.

"ரெக்சின்."

"எப்டி சொல்றீங்க? வட்டம்லாம் இருக்குதே."

"வட்டம் இருக்குதும்மா. உள்ள ஒண்ணும் இல்லியே. இன்னாத்த சுத்திப் போட்டிருக்கான்? எவனோ தோலையே பாக்காதவன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் பொய்யை நீட்டிக்கொண்டு போகிற ஆள் இல்லை. இத்தாலி ஸ்டுடியோ என்று ஒரு தடவை சொன்னதே போதும்.

"நான்தான் மாமு போட்டேன்."

அவர் சைட்டைக் கடைசிவரை நகர்த்தினார். அடியில், வலது மூலையில், டிசைன் என்று போட்டு என் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. சட்டைப் பையிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுத்தார்.

"மாமு, வாணாம். அது ஆபீஸ் லேப்டாப்பு."

போட்டுவிட்டார். என் பெயரைச் சுற்றி, திரைமேலேயே, ஒரு வட்டம். கைநடுக்கம் இல்லாத சுத்தமான வட்டம்.

"இப்ப ஒரிஜினல்" என்றார்.

ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன், நெயில் பாலிஷ் எடுக்கிற திரவம் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. எந்த சைட்டைத் திறந்தாலும் வலது மூலையில் அந்த வட்டத்துக்குள் ஏதோ ஒன்று வந்து உட்காருகிறது. ஒரு பட்டன், ஒரு எழுத்து, ஒரு கோடு. உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் அதில் ஏதோ சரியில்லாமல்தான் இருக்கிறது. திருத்தித் தொலைக்கவேண்டியிருக்கிறது.